படத்தில் எரிந்த இடம்

ஸ்கேன் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மிஷினைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, அதைச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மிஷினுக்கு வெளியே நடப்பதுதான் எனக்குத் தெரியும். அதிலும் இன்றுவரை எனக்குச் சரியாக விளங்காத ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதும்போதாவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் புனேவில் ஒரு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு வார்டில் ஆயாவாக இருந்தேன். அந்த ஊரில் ஆயாவை மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. டாக்டரும் மாவ்ஷி என்பார், நோயாளியும் மாவ்ஷி என்பார், கேண்டீன்காரரும் அப்படித்தான். என் சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும். அதிகம் பேசமாட்டேன். மராத்தி புரியும், பேச வாய் வராது. ஹிந்தி பேசுவேன், ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் அதுவும் வராது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த இரட்டை மிஷின் வந்தது. ஒரே கட்டிலில் படுக்க வைத்து இரண்டு விதமான படம் எடுக்கும். ஒரு படம் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று காட்டும். இன்னொரு படத்துக்கு, கதிர் கலந்த சர்க்கரையை ஊசி வழியாக ஏற்றுவார்கள். அந்தச் சர்க்கரை உடம்பில் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அது காட்டும். புற்றுக்கட்டி சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னுமாம். அதனால் கட்டி இருக்கும் இடம் படத்தில் எரிகிற மாதிரி தெரியும். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து டாக்டர் பார்ப்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது, சர்க்கரை வியாதிக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எனக்கு அந்தப் பிரிவில் வேலை கிடைத்ததே நான் பேசாதவள் என்பதால்தான். ஊசி போட்ட பிறகு நோயாளி ஒரு மணி நேரம் மங்கலான அறையில் அசையாமல், பேசாமல், எதையும் மெல்லாமல் இருக்க வேண்டும். எந்தத் தசை வேலை செய்கிறதோ அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை சாத்தாரா பக்கத்து அம்மா ஒருவர், வாய் கசக்கிறது என்று இடுப்பில் செருகியிருந்த மிஸ்ரியை, அதுதான் அங்கே பெண்கள் பல்லில் தேய்ப்பார்களே, அந்தக் கருக்கிய புகையிலைத் தூள், அதை எடுத்து ஒரு மணி நேரமும் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டார். நான் பார்த்தேன். பாவம், பழக்கம், போகட்டும் என்று விட்டேன். படத்தில் தாடை இரண்டும் விளக்கு மாதிரி எரிந்தது. அன்று நான் திட்டு வாங்கினேன். அவருக்கு இன்னொரு நாள் படம். பாவம் பார்த்து விடுவது என்னுடைய பெரிய குறை. உங்களுக்கும் அது இருக்கும், கவனமாக இருங்கள்.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. மராத்திக்காரர். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்த பெண்களை வைத்து அவர் தனியாக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிகிச்சைக்கு முன்னால் கட்டி எவ்வளவு சர்க்கரை தின்றது, கதிர்வீச்சு முடிந்த பிறகு எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுப்பது. அதனால் அந்தப் பெண்கள் இரண்டாவது முறையும் எங்களிடம் வருவார்கள். அவர்களில் ஒருத்திதான் மாரிக்கனி.

மாரிக்கனிக்குச் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முதல் தடவை வந்தபோதே நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்போது படத்தில் கட்டி நன்றாக எரிந்தது. கதிர்வீச்சும், கரண்டு வைப்பது என்பாள் அவள், மருந்தும் கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து, கட்டி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி வந்தாள். நான் சொல்கிற நாள் அதுதான்.

மழைக்காலம். ஊசி மருந்து அப்போதெல்லாம் மும்பையிலிருந்து ஈயப் பெட்டியில் காரில் வரும். வர வர அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். வெயிலில் ஐஸ் கட்டி வைத்த மாதிரி. லோனாவ்ளா மலைப்பாதையில் வண்டிகள் நின்றுவிட்டன என்று அன்றைக்கு மருந்து தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருந்தோம். மாரிக்கனிக்கு முதலில் ஊசி. அடுத்து அரை மணி நேரம் கழித்து மகர்பட்டாவிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு.

ஒரு மணி நேரம் முடிந்ததும் மாரிக்கனியைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். படம் எடுப்பதற்கு முன்னால் சிறுநீரை முழுக்கப் போய்விட்டு வர வேண்டும். ஊசியில் போன சர்க்கரையில் மிச்சம் சிறுநீரில்தான் இறங்கும். சிறுநீர்ப்பையும் கர்ப்பப்பையும் பக்கத்து வீடு மாதிரி. பை நிறைந்திருந்தால் அதன் வெளிச்சத்தில் கட்டி தெரியாது.

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"போனியாம்மா?"

"போயிட்டேம்க்கா."

சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு தண்ணீர் குடிக்கவைத்திருக்கிறோம். அப்புறம்தான் பார்த்தேன், ஆஸ்பத்திரி அங்கிக்குள் அவள் ஏதோ மொத்தமாகக் கட்டியிருக்கிறாள். சொந்தத் துணி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. என்ன அது என்று கேட்டேன். திரும்பி நின்றுகொண்டாள். நான் அங்கியைத் தூக்கிப் பார்த்தேன். பழைய நூல் சேலையைக் கிழித்து, ஏழெட்டு மடிப்பாக மடித்து, இடுப்புக் கயிற்றில் கோவணம் மாதிரி கட்டியிருந்தாள். துணி முழுக்க ஈரம். கனத்துத் தொங்கியது.

"எப்பருந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும். நிக்கவே மாட்டேங்கு. உக்காந்தாலும் வருது, படுத்தாலும் வருது. எனக்குத் தெரியவே தெரியாது, அதுவாட்டுக்கு ஒழுகுது."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நோவு திரும்பிருச்சும்பாங்க. மறுபடி கரண்டு வைப்பாங்க. அக்கா, சொல்லிராதீங்க. அவுகளுக்கும் தெரியாது. நான் அடுக்களையிலதான் படுக்கேன். சாம்பிராணி போடுதேன், ஊதுவத்தி கொளுத்துதேன். தெரிஞ்சா ஊருக்குக் கொண்டுபோயி விட்டுருவாக. எம்பிள்ளைய யாரு பாப்பா?"

 அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, "உங்க மகன் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். எனக்கு ஒரே மகன், முதல் தடவை வந்தபோதே அவளிடம் சொல்லியிருந்தேன். புனே பக்கத்தில் சாகணில் அவனுக்கு வேலை. வெளியே டெக்னீஷியன் கதவைத் தட்டுகிறார், "மாவ்ஷி, சலா, சலா" என்கிறார், கிளம்புங்கள் என்று. நான் சத்தியம் செய்தேன்.

ஈரத் துணியை மஞ்சள் பையில் போட்டு ஈயக் குப்பைத் தொட்டியில் வைத்தேன். அலமாரியிலிருந்து சுத்தமான துணியை மடித்து அவளுக்குக் கட்டிவிட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்கு அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உலோகம் கூடாது என்பார்கள், ஊக்கு கூடாது, வளையல் கூடாது. துணியில் என்ன இருக்கிறது? கட்டில் நனையாமல் இருக்குமே, அவளும் கூச்சப்படாமல் படுப்பாளே என்றுதான் நினைத்தேன்.

படம் எடுத்தார்கள். டெக்னீஷியன் திரையைப் பார்த்தார், பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் நின்றுகொண்டே பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரத் ஆலா," என்றார். திரும்பி வந்துவிட்டது. "முன்னாலிருந்ததைவிடக் கீழே இறங்கியிருக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற எனக்கும் திரை தெரிந்தது. கர்ப்பப்பை வாய் இருக்கும் இடத்திலிருந்து கீழே ஒரு நெருப்புக் கோடு.

டாக்டர் டெக்னீஷியனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாளைக் காலையில் எல்லா டாக்டர்களும் கூடுகிறார்கள், இதைக் காட்டியாக வேண்டும், சிறுநீர்ப்பையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுக்கிற ஆபரேஷனா, இல்லை இனி ஒன்றும் செய்வதற்கில்லையா, ரெண்டில் ஒன்றுதான். சொல்லிவிட்டு மாரிக்கனியின் புருஷனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டெக்னீஷியன் மைக்கில் மாரிக்கனியிடம், இரண்டு நிமிடம் அப்படியே படுத்திருங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். அடுத்த பெரியவர் அங்கி மாற்றி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போட்ட மருந்தும் வீரியம் குறைந்துகொண்டிருந்தது.

பெண்களே, அந்த இரண்டு நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. யாருடைய படத்திலும் சிறுநீர்ப்பைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து, எல்லோருக்கும் அங்கே புற்று இருக்கிறதா என்று நான் பயந்தபோது டெக்னீஷியன் சிரித்தார். "அது கழிவு மாவ்ஷி, வியாதி இல்லை" என்றார். அப்படியானால் ஒழுகுகிற சிறுநீரும் எரியத்தானே வேண்டும்? அந்தத் துணி எரியாதா? அவளுக்கு உள்ளே தேங்கி நிற்கிற சிறுநீர் எரியாதா?

உடனே இன்னொரு நினைப்பு. இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியாதா? இரண்டு மிஷின் சேர்ந்து பார்க்கிறதே, அது சிறுநீர், இது கட்டி என்று அதற்குத் தெரியாதா? ஐந்தாம் வகுப்புக்காரி போய் டாக்டரிடம் படம் தப்பு என்று சொல்வதா? ஒருவேளை ஒழுகுவதே நோய் திரும்பியதால்தானோ? அப்படியென்றால் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? சத்தியம் மட்டும்தான் உடையும். மகன் முகம் வந்தது. அவன் அன்றைக்குக் காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போயிருந்தான், மழையில்.

டாக்டர் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். மாரிக்கனியின் புருஷன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தார். டாக்டர் பேச்சை ஆரம்பிப்பதற்காகக் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"மேடம்…"

"மாவ்ஷி, ஆத்தா நகோ." இப்போது வேண்டாம்.

கதவை மூடிவிட்டேன். அவள் புருஷனை வைத்துக்கொண்டு எனக்கு வாயே வரவில்லை. எந்த மொழியில் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? கூச்சம் என்றால் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். எனக்கு அது அப்படி இல்லை.

திரும்பி நடந்தேன். நேரே ஈயத் தொட்டிக்குப் போய் மஞ்சள் பையை எடுத்தேன். டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். தினமும் வேலை முடிந்ததும் அவர் ஒரு கருவியை வைத்துத் தரை, மேஜை, குப்பை எல்லாவற்றையும் சோதிப்பார். கதிர் இருக்கும் இடத்தில் அது படபடவென்று சத்தம் போடும்.

"சார், அதை இதில் வையுங்கள்."

"இப்பவா? மாவ்ஷி, பேஷண்ட் மேஜையில இருக்காங்க."

"வையுங்கள்."

நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. வைத்தார். கருவி மக்காச்சோளம் பொரிகிற மாதிரி கத்தியது. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அரே! ஹே காய்?"

என்ன இது என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கெட்டிக்காரர். திரையைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பையைப் பார்த்தார், பையையும் கருவியையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். "சார், அங்கே வேண்டாம், வெளியே கூப்பிடுங்கள்" என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன். அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். மேஜை மேல் பையை வைத்து, கருவியை அதன்மேல் பிடித்தார். அந்தச் சின்ன அறையில் படபடவென்று அது கத்தியது.

டாக்டர் எழுந்து நின்றார். "கிஸ்கா ஹை?" யாருடையது?

 நான் தரையைப் பார்த்தேன். ஆகுர்டியில் இருபது வருடம் வேலை செய்தவருக்கு ஹிந்தி புரியாமலா இருக்கும்? மாரிக்கனியின் புருஷன் பையைப் பார்த்தார். பிளாஸ்டிக் வழியாகச் சேலையின் கரை தெரிந்தது. நீலக் கரை.

"எங்க வீட்டுல உள்ளதுதான்," என்றார் தமிழில், என்னைப் பார்த்து. "அவளுக்கு ஒண்ணுக்கு நிக்காது. ரெண்டு மாசமா. எனக்குத் தெரியும். விடிய முன்ன எந்திரிச்சு, சத்தமில்லாம துணி அலசுவா. நான் தூங்குற மாதிரி படுத்துக் கெடப்பேன். அவளாச் சொல்லட்டும்னு இருந்தேம்மா. கேட்டா வெக்கப்படுவான்னு."

நான் அதை ஹிந்தியில் டாக்டரிடம் சொன்னேன். நாலு பேர் முன்னால் நான் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பாதி வார்த்தை தப்பு.

டாக்டருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "அவளுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். மாவ்ஷிக்குத் தெரியும். நாளைக்கு அவ வயித்தைக் கிழிக்கச் சொல்லி எழுதப்போற எனக்கு மட்டும் தெரியாது! நல்லா இருக்கு!" என்று கத்தினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கோபத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். அதை நான் இன்றைக்கும் ஆச்சரியமாக நினைக்கிறேன்.

"மருந்து இன்னும் இருக்கு. துணியை எடு. நல்லாக் கழுவு. மூத்திரம் வடிய நான் குழாய் வைக்கிறேன். இடுப்பு மட்டும் மறுபடி எடுக்கலாம்."

"அடுத்த பேஷண்ட்?" என்றார் டெக்னீஷியன்.

டாக்டர் ஒரு கணம் நின்றார். அந்தப் பெரியவரைக் காக்கவைத்தால் அவர் படம் மங்கலாகும், இவளைக் காக்கவைத்தால் இவளுக்கு இனி இன்று படமே இல்லை. "அவர்கிட்ட நானே பேசுறேன்," என்று வெளியே போனார். பெரியவர் காலையிலிருந்து பட்டினி. "டாக்டர், என் மருந்து தீர்ந்துபோனா எனக்கு ஒரு கப் டீயாவது கொடுத்துடுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். மாரிக்கனி கைகளைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்திருந்தாள், சொன்னபடி.

"கனி, சொல்லிட்டேம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "சத்தியம் பண்ணுனீங்கள்லா."

"பண்ணினேன்."

"அவுகளுக்குமா?"

"அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

 நான் துணியை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு நகர வேண்டும், ஊசி போட்டவர்கள் உடம்பிலிருந்து கதிர் வரும், பக்கத்தில் நாம் அதிக நேரம் நிற்கக் கூடாது. டாக்டர் வந்து குழாய் வைத்தார். அதுவரை அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது. துடைக்கக் கையை இறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இறக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாவது படம் வந்தது. நெருப்புக் கோடு இல்லை. நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் மேலே, பழைய இடத்தில், ஒரு சின்னப் பொட்டு இருந்தது. மூக்குத்தி அளவு. டாக்டர் அதைப் பெரிசாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், உடம்பின் உள்ளமைப்பைக் காட்டும் படத்தோடு சேர்த்துப் பார்த்தார். வெகு நேரம்.

"மேடம், நல்லதா?" என்று கேட்டேன். அப்படி நானாக வாய் திறந்து கேட்டதும் அன்றைக்குத்தான்.

"தெரியலை மாவ்ஷி," என்றார். "ஒரு மணி நேரம் முன்னால எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது. இப்ப தெரியலை. கதிர்வீச்சில வெந்த புண்ணா இருக்கலாம். மிச்சமிருக்கிற மூத்திரமா இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். தெரியலைன்னே எழுதுறேன்."

நான் அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நோய் இல்லை என்றும் இல்லை. இருந்த ஒரு நிச்சயத்தை எடுத்துவிட்டுக் குழப்பத்தைக் கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் டாக்டர்கள் கூட்டத்தில் பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். விளக்கு வைத்த வேறொரு குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். கதிர்வீச்சின் சூட்டில் சிறுநீர்ப்பையில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது, அது வழியாகத்தான் ஒழுகியது. அந்தப் பொட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். துணுக்கில் ஒன்றும் இல்லை, ஆனால் துணுக்கு ரொம்பச் சின்னது என்றார்கள். சில மாதம் பொறுத்து மறுபடி படம் எடுப்போம், சுத்தமாக இருந்தால்தான் ஓட்டையைத் தைப்போம் என்றார்கள். அதுவரை குழாயும் பையுமாக இருக்க வேண்டும்.

படம் எடுத்த அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது புருஷனும் பெண்டாட்டியும் தாழ்வாரத்தில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். "தெரிஞ்சுக்கிட்டே தூங்குற மாதிரி நடிச்சீகளாக்கும்? எத்தனை நாளு குளிர்ந்த தண்ணியில அலசிருப்பேன், ஒரு நாளாவது வெந்நி போட்டுக் குடுத்தீகளா?" என்று அவள் கேட்டாள். அவர், "வெந்நி போட்டா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருமேடி," என்றார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி பெண் நோயாளிகளிடம் இதைக் கேட்க வேண்டியது உன் பொறுப்பு என்றார். வீட்டு ஆட்கள் யாரும் இல்லாமல், திரைக்குப் பின்னால். நான் கேட்டேன். "ஒழுகுகிறதா?" எல்லோரும் இல்லை என்றார்கள். கேட்ட மாத்திரத்தில், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, இல்லை. இருந்தவர்களும் இல்லை என்றார்கள். எனக்கு இதில் வெகு நாள் புத்தி வரவில்லை. பிறகு ஒரு நாள் கேட்பதையே விட்டுவிட்டேன். சுத்தமான துணி இரண்டை மடித்துக் கையில் கொடுத்து, "மாற்ற எத்தனை வேண்டும்?" என்பேன். வேண்டாதவர்கள் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேண்டியவர்கள் கொஞ்ச நேரம் துணியைப் பார்ப்பார்கள், பிறகு நாலு என்பார்கள், ஐந்து என்பார்கள். அது போதும் எனக்கு. போய் டாக்டரிடம் விரலைக் காட்டுவேன். இப்போது நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அச்சடித்த தாளில் இந்தக் கேள்வி இருக்கலாம். தாளில் கட்டம் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். துணியைக் கையில் கொடுங்கள்.

சத்தியத்தைப் பற்றி என்ன சொல்வது? உடைத்தது சரி என்று டாக்டர் சொன்னார், டெக்னீஷியன் சொன்னார். எனக்கும் சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் அந்த வருடம் முழுக்க மகன் பைக்கை எடுக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நின்றேன். ஏம்மா இப்படி நிக்கிற என்று கேட்பான். சும்மா என்பேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் செய்த முதல் தப்பு சத்தியத்தை உடைத்தது இல்லை, சத்தியம் செய்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. நோயாளி கேட்டால் கையைக் கொடுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். இதையும் நான் உறுதியாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் துணியைக் கழற்றித் தந்திருப்பாளா? அந்த ஈரத் துணியை நான்தான் தொட்டியில் போட்டிருப்பேனா? எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாரிக்கனி மூன்றாவது முறை வந்தபோது மழை விட்டு நல்ல குளிர். புருஷன் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், அவள் சிறுநீர்ப் பையை, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. நான் துணியை எடுக்கப் போனேன். அவள் அதற்குள் டாக்டரைப் பார்த்து, தன் உடைந்த ஹிந்தியில், குழாய் ஓரமாகவும் கசிகிறது, காலையிலிருந்து மூன்று துணி மாற்றிவிட்டேன் என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். டெக்னீஷியன் எழுதிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

படம் முடிந்தது. டாக்டர் வெகு நேரம் பார்த்தார். பழைய இடம் இருட்டாக இருந்தது. பொட்டு இல்லை. "இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஓட்டையைத் தைக்கச் சொல்லி எழுதுகிறேன்" என்றார். இன்றைக்கு என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

புருஷன் சீட்டு வாங்கப் போனார். மாரிக்கனி பெஞ்சில் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். உடம்பில் மருந்து இருக்கிறதே, நான் மறு கோடிக்கும் தள்ளி நின்றேன்.

"அக்கா," என்றாள். அவ்வளவு நாள் கழித்து. "நெசமாவே இல்லையா? இல்ல, போன தடவை இருக்குன்னு சொன்ன மாதிரி, இந்தத் தடவை இல்லங்குதா?"

என்ன சொல்வது? நல்லபடியாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டிருப்பாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

 அவள் தோள்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தவள். எண்ணெய் விட்டுப் பொடி தடவிய இட்லி. மூடியில் இரண்டை எடுத்து வைத்தாள், பெஞ்சின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்து நாலு எட்டு பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

"எடுத்துக்கிடுங்க. நான் இங்கன நிக்கேன்."

நான் போய் எடுத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். இரண்டு பேரும் அங்கும் இங்குமாக நின்றே சாப்பிட்டோம். பொடியில் காரம் கொஞ்சம் அதிகம். அதை அவளிடம் சொன்னேன்.